வெனிலாப் போத்தலின் சிவப்புக் கோடு

அம்மா எதைச் செய்தாலும் அதில் கர்த்தருக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும். ரொட்டி சுட்டால் ஜெபம், கோழி முட்டை இட்டால் ஸ்தோத்திரம். அவளுக்கு இருதயம்மா என்று வேதக்காரப் பெயர் வைத்தவர்கள் மாதா கோயில் ஆட்கள். அவளோ கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு மாறி, கோயிலில் விட்டதையும் சேர்த்து இங்கே பிடித்துக்கொண்டவள். ஆகவே போன ஈஸ்டர் சமயம், எல்ல நகரில் அவள் வேலை செய்யும் லொட்ஜிலிருந்து ஒரு கைப்பிடி வெனிலாக் காயைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, கர்த்தர் கொடுத்தார் என்று மேசையில் வைத்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. கொடுத்தவர் லொட்ஜ் முதலாளி.

லொட்ஜின் பின்தோட்டத்தில் வெனிலாக் கொடி இருக்கிறது. முதலாளி காயைப் பறித்து, வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, வெயில் காட்டிக் கறுக்க வைப்பார். வெளிநாட்டுக்காரருக்குச் செய்யும் கேக்குக்குக் கடை எசன்ஸ் போடுவதில்லை. காயை நீளவாக்கில் கீறிப் போத்தலில் போட்டு, வொட்கா ஊற்றி, இருட்டில் வைத்து, வாரம் ஒருமுறை குலுக்கினால் ஆறு மாதத்துக்கு மேல் போனதும் அதுவே எசன்ஸ். சட்டி கழுவிக்கொண்டே அம்மா இதையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். அதன் பிறகு கடை எசன்ஸ் அவளுக்குச் சவர்க்காரம் மாதிரி மணக்கத் தொடங்கியது. இந்தக் கிறிஸ்மஸுக்குச் சபைக் கேக் தன் கையால், தன் வெனிலாவில் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஆசையில் தப்பில்லை. ஊற்ற வேண்டிய பொருள்தான் சிக்கல். எங்கள் வீட்டில் சாராயம் என்ற சொல்லையே நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

அப்பாவின் பெயர் லூக்காஸ், தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. கொழுந்து தேயிலையாகும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் குடிகாரர். அடிக்கிற குடிகாரர் இல்லை, அழுகிற குடிகாரர். சனவரியில் சபையில் நடந்த உபவாச ஜெபத்தில் முழங்காலில் விழுந்து அழுதார். றிச்சர்ட் பாஸ்டர் தலையில் கை வைத்தார். அன்றோடு விட்டுவிட்டார் என்று அம்மா சொன்னாள், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொன்னது. நான் சொல்லவில்லை.

எனக்குக் காரணம் இருந்தது. நான் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். அதற்கு முந்தைய வருட முடிவில் எங்கள் பிள்ளைகளின் கலைவிழா. சின்னதுகள் வண்ணத்துப்பூச்சி இறக்கை கட்டிக்கொண்டு ஆடும்போது இவர் மேடை ஏறி நடுவில் நின்று கூடவே ஆடினார். இடுப்புச் சாரம் அவிழ்ந்தது. பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள், அதில் சிலர் கைபேசியில் படமும் பிடித்தார்கள். அன்றைக்கு நான் அவரை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். சோறு போடுவேன், சட்டை துவைப்பேன், அந்த வார்த்தை மட்டும் வராது. அம்மாவிடம் பேசும்போதும் "அவரு" தான்.

வொட்காவை யார் வாங்குவது என்று வீட்டில் பேச்சு வந்தது. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி பண்டாரவளையில் வைன் ஸ்டோர் மதுக்கடைக் கம்பிக்கு முன்னால் நின்றால், அவள் பஸ் ஏறுமுன்னே சேதி லயத்துக்கு வந்துவிடும். லொட்ஜ் முதலாளியிடம் கேள் என்றேன். காயையும் வாங்கிக்கொண்டு அதையும் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றாள் அம்மா. பிறகு ஒரு யோசனை சொன்னாள். அந்த யோசனை எங்கள் அம்மாவைத் தவிர உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது.

"ஒங்கப்பாவே போயி வாங்கட்டும். வாங்கி, தொடாம கொண்டாந்து என் கையில குடுக்கட்டும். சாத்தானுக்கு அதவிட வெக்கக்கேடு வேற என்ன இருக்கு?"

நான் கத்தினேன். புத்தி கெட்டுப் போச்சா என்று பெற்ற தாயைக் கேட்டேன். அப்பா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் போறேன் என்று மட்டும் சொல்லி, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது போத்தல் மூடி உடையாமல் இருந்தது. வாயை ஊதச் சொல்லாத குறையாக நான் அருகில் போய் நின்று பார்த்தேன். வியர்வை வாசம்தான் வந்தது.

மறுநாள் ஞாயிறு. அம்மா பாஸ்டரையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அம்மா காய்களைக் கீறினாள். வீடு முழுக்க அந்த வாசம் ஏறியது, நான்கூட ஒரு கணம் கோபத்தை மறந்தேன். வொட்காவில் கொஞ்சத்தை வாசலில் தண்ணீர் ஓடுகிற காணுக்குள் கொட்டிவிட்டு, அப்பா பார்க்கப் பார்க்க, காய்களை ஒவ்வொன்றாகப் போத்தலுக்குள் இறக்கினாள். வொட்கா தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. பாஸ்டருக்குச் சங்கடம். வொட்காப் போத்தலுக்கு எந்த ஜெபம் செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கை வைத்துச் சுருக்கமாக ஒன்று செய்தார். ஜெபித்த எண்ணெய்ப் போத்தலைத் தேவை வரும்வரை திறக்காமல் வைப்பது எங்கள் சபை வழக்கம். அம்மா இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். கிறிஸ்மஸ் வரை மூடியைத் திறப்பதில்லை என்று சொல்லி அல்மாரிக்கு மேலே ஏற்றினாள்.

நான் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, என் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் போத்தலில் ஒரு கோடு போட்டேன். உள்ளே எதுவரை இருக்கிறதோ அந்த மட்டத்தில். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டேன். பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா போத்தலை இறக்கியபோது அது அழகான செம்பழுப்பாகி இருந்தது. லொட்ஜில் இந்த நிறம் பிடிக்க மாதக்கணக்கில் ஆகுமாம். ஜெபத்தின் வல்லமை என்றாள். நான் நிறத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தேன். மட்டம் கோட்டிலேயே இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா வெள்ளைச் சேலையோடேயே போத்தலை எடுப்பாள். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குலுக்குவாள். சன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பாள். அவள் முகத்தில் அப்போது வருகிற சந்தோசம் எங்கள் வீட்டில் நான் அதற்கு முன்பு பார்த்திராதது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். குலுக்கி முடிந்ததும் என் முறை. கோட்டைப் பார்ப்பேன். மே போனது, ஆடி மழை போனது. மட்டம் இறங்கவேயில்லை.

லொட்ஜ் போத்தல் குறைந்துவிட்டது என்று அம்மா ஒருநாள் வந்து சொன்னாள். காய் ஊறிக் குடித்ததில் இரண்டு விரல் இறங்கி, முதலாளி மேலே ஊற்றி நிரப்பினாராம். பூட்டி வைத்திருக்கிற போத்தலே குறைகிறது, நம் போத்தலில் ஒரு சொட்டுக் குறையவில்லை பார் என்று பெருமைப்பட்டாள். நானும் பெருமைப்பட்டேன். இதை இப்போது எழுதும்போது எங்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒருநாள் அப்பா முன்பள்ளிக்குக் குடை கொண்டுவந்தார். உள்ளே வரவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே, தான் நனைந்துகொண்டு, குடையை மடித்துக் கையில் வைத்தபடி நின்றார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தபோது இரண்டு அடி பின்னால் போனார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறிக் கோட்டைப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

"அப்பா, சோறு போடட்டா?" என்றேன்.

அவர் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

நவம்பர் முடிவில் வெலிமடையில் இருக்கும் பெரியப்பாவுக்குக் கால் முறிந்தது. உருளைக்கிழங்கு தோண்டுகிற நேரம். அப்பா லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போனார். போகுமுன் கேக் எந்த ஞாயிறு என்று அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். அதற்கு முந்தின நாள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மழையில் பாதை மண் சரிந்து, சொன்ன நாளில் பஸ் இல்லை.

அந்த ஞாயிறு காலை அம்மா போத்தலை இறக்கி வெளிச்சத்தில் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். காய்களின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நல்ல காய் பதமானால் மேலே வெள்ளை பூக்கும், அதுதான் உயர்ந்த சாதி என்று லொட்ஜ் முதலாளி ஒருமுறை காட்டியிருக்கிறாராம். "பூத்திருச்சி புள்ள, நம்ம காயி பூத்திருச்சி" என்று போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது உலர்ந்த காயில் பூப்பது. ஊறுகிற காயில் பூக்குமா என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் சபை பழைய பிள்ளைக் காம்பராவில் கூடுகிறது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் முன்பு பிள்ளைகளை விட்டுப்போன கட்டடம். பாட்டு முடிந்து, சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் சொன்னதும் அம்மா போத்தலோடு எழுந்தாள். அதே நேரம் வாசலில் அப்பா. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறார், தோளில் கிழங்கு மூட்டை, கால் முழுக்க மண். அம்மா கையில் போத்தலைக் கண்டதும் மூட்டையை இறக்காமலே நின்றுவிட்டார். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

அம்மா நன்றாகப் பேசினாள். இருபத்தேழு வருசம் குடித்த மனுசன் இருக்கிற வீட்டில், பூட்டாத அல்மாரிக்கு மேல், இந்தப் போத்தல் எட்டு மாதம் இருந்தது என்றாள். மகள் போட்ட கோட்டை எல்லாருக்கும் காட்டினாள். பெண்கள் பக்கம் அல்லேலூயா சத்தம் எழும்பியது. அவள் அப்பாவைக் கை காட்டினாள்.

"நான் பூட்டு போடல. காவல் இருக்கல. கர்த்தர் காவல் இருந்தாரு. அவரும் தொடல."

பாஸ்டரம்மா எழுந்து வந்தார். அவருக்கு வாசம் பார்க்க ஆசை. கேக் கலக்கும் நாள்தானே, திறக்கலாமே என்றார். அம்மா சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினாள். பாஸ்டரம்மா முகர்ந்தார். அவர் நல்ல மனுசி. முகத்தை மாற்றாமல் இருக்கப் பாடுபட்டார். இரண்டாம் வரிசையில் இருந்த எனக்கே அந்தப் புளிப்பு வந்து சேர்ந்தது.

அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள். நாக்கில் வைத்தாள். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் கிடந்தவளுக்கு இரண்டாவது தடவை ருசி பார்க்கத் தேவையில்லை.

"சாயத்தண்ணி," என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னாள். ஆனாலும் அந்தச் சின்னக் கட்டடத்தில் எல்லாருக்கும் கேட்டது. பாஸ்டர் உடனே ஒரு பாட்டைத் தொடங்கினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு பாடினார்கள். அப்பா நடுவழியாக நடந்து வந்து, அம்மா கையிலிருந்து போத்தலை வாங்கி, மூடியை எடுத்து மூடி, அதைக் கையில் பிடித்தபடி வெளியே போனார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

நான் அம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். கேக் கலக்குவதாகச் சொல்லியிருக்கிறாள், கலக்குவாள். பாஸ்டரம்மா அவசரமாக ஆள் அனுப்பி எடுப்பித்த கடை எசன்ஸை ஊற்றி, ஒருத்தியிடமும் கரண்டியைக் கொடுக்காமல், கடைசிவரை அவளே கிண்டினாள். முந்திரிவத்தலும் பூசணி அல்வாவும் ரவையும் அந்தப் பெரிய சட்டியில் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கிழங்கு மூட்டை அவிழ்க்காமல் பக்கத்தில் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார். போத்தல் ஏறிய முதல் வாரமே அவரால் முடியவில்லை. மூன்றே இரவில் முடித்துவிட்டார். பிறகு பயம் வந்தது. ஸ்டோரிலிருந்து நல்ல தேயிலையாகக் கொண்டுவந்து, பால் விடாத சாயத்தண்ணி ஊற்றி, ஆற வைத்து, கோடு வரை நிரப்பினார். சாயம் நாலு நாளில் புளித்துவிடும். ஆகவே அம்மா காலை பஸ்ஸுக்கும் நான் பள்ளிக்கும் போன பிறகு, ஸ்டோருக்குக் கிளம்புமுன், காய்களை எடுத்து வெந்நீரில் அலசி, போத்தலைக் கழுவித் துடைத்து, புதுச் சாயம் ஊற்றி வைப்பார். எட்டு மாதமும் அப்படித்தான். என் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றுக்காவது அட்டை போட்டுத் தந்த மனுசன் இல்லை. இந்த வேலையை மட்டும் ஒருதடவைகூடத் தவறாமல் செய்திருக்கிறார். வெலிமடைக்குப் போனதால்தான் அது புளித்துப் பூஞ்சணம் பூத்தது.

"அந்த மொத வாரம் குடிச்சதுதான். அதுக்கப்புறம் நான் தொட்டதே இல்ல, சத்தியமா," என்றார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கெழம நீ அத எடுத்துக் குலுக்கும்போது ஒன் மொகம் ஒரு மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் ஊத்துனேன்."

அம்மா சேலை முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். மாவு ஒட்டியிருந்தது.

"லொட்ஜ் போத்தல்ல ரெண்டு வெரல் கொறைஞ்சிச்சி. காயி குடிக்கும்ல. நம்மது கொறையவே இல்லையே. நீங்க நெசமா தொடாம இருந்திருந்தா அது கொறைஞ்சிருக்கணுமே," என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்து, அதில் இருந்ததைக் காணுக்குள் கொட்டினாள். வாசம் போன காய்கள் அட்டைப் பூச்சி மாதிரி வழுவழுவென்று விழுந்து, தண்ணீரோடு கீழ் லயத்துப் பக்கம் போயின.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கண் தெளிவாக இருந்தது, கை நடுங்கவில்லை, சம்பளம் வீட்டுக்கு வந்தது. மடித்த குடையோடு நனைந்து நின்றவர் குடிக்காமல்தான் நின்றிருப்பார். ஆனால் அதை எதை வைத்து நம்புவது? என்னிடம் இருந்தது ஒரே ஓர் அளவு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் அவரை அப்பா என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட அந்த வாரமும் அவர் கோடு வரை சாயம் ஊற்றியிருக்கிறார். வாழ்நாளில் இனி ஒரு மனுசனையும் என்னால் நம்ப முடியாது என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. விளக்குப் போடுகிற நேரம் திரும்பி வந்தார். கையில் கடதாசிப் பை. மேசை மேல் வைத்துப் பையை உரித்தார். வொட்காப் போத்தல், மூடி உடையாதது. அன்றைக்கு வாங்கி வந்த அதே வகை. வாயில் வாசம் இல்லை. நான் இந்த முறையும் பார்த்தேன்.

"காயி ரெண்டு கேட்டு வாங்கிட்டு வா இருதயம். புதுசா போடுவோம்," என்றார். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் அவள் முதுகைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சஜீ, அந்தக் கியூடெக்ஸ எடுத்துட்டு வாம்மா. கோடு போடு."

அது சன்னல் கட்டையிலேயே இருந்தது. நான் எடுத்தேன். மூடியைக்கூடத் திறந்தேன். அதன் நெடி அடித்தது. அவர் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து, அசையாமல், எனக்கு வாகாகச் சாய்த்துக் காட்டினார். அம்மா ஞாயிறு தோறும் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தார்.

"எதுக்கு?" என்றேன். "எதுவரைக்கும் நெரப்பணும்னு தெரியுறதுக்கா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரிதான் என்று தலையாட்டினார். போத்தலை மேசையில் வைத்தார். நான் கியூடெக்ஸை மூடினேன். நான் அதை மூடி முடிப்பதற்குள், அவர் வொட்காவின் மூடியைத் திருகி உடைக்கிற சத்தம் கேட்டது.

அடுப்படியில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். சாயத்தண்ணிக்கு எடுத்து வைத்திருந்த மூன்று தம்ளரில் அவருடையதை அவள் திரும்பத் தட்டில் கவிழ்த்தாள்.